மூன்று தரம்

என் புருஷன் என்னைக் கொன்றுவிடுவதாக மிரட்டினாராம். இந்தச் சேதியை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை, போலீஸும் இல்லை. ஒரு கம்பெனி. "பயனரின் குடும்பத்தினருக்கு வணக்கம்" என்று ஆரம்பித்து, நான் கூப்பிட வேண்டிய உதவி எண் ஒன்றையும் கீழே போட்டு, "நீங்கள் தனியாக இல்லை" என்று முடித்திருந்தார்கள். நான் எங்கே தனியாக இருந்தேன்? கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என் காதுக்குள்ளேயே குடியிருந்து கத்திக்கொண்டுதானே இருந்தார்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

அவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். விடியும்போது லாரிகள் வந்து நிற்கும். மூட்டைகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். மைக் கிடையாது. சந்தையின் அந்தக் கோடியில் முட்டைக்கோஸ் அடுக்குகிறவனுக்கும் கேட்கும். அங்கே அவர் பேர் வெண்கலம். சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கூறி முடித்துவிட்டால் முடிந்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கக் கூடாது. ஒருதடவை வாய் தவறி வெங்காயத்தைப் பாதி விலைக்குக் கூறி மூன்று தரமும் முடித்துவிட்டார். வியாபாரியே பரிதாபப்பட்டு, "விடுங்கண்ணே, தப்பா சொல்லிட்டீங்க, மறுபடி கூறுங்க" என்றாராம். இவர் கேட்கவில்லை. குறைந்ததைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என்மேல் பாய்ந்தார். "சொன்ன சொல்லை முழுங்கினா நாளைக்கு எவன்டி என் வாயை நம்புவான்?" என்று கேட்டார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. அடுப்படியில் என் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் அதே தொண்டைதான். தண்ணீர் வேண்டும் என்றால் மூன்று வீட்டுக்குத் தெரியும். அவருக்குக் கோபம் வந்தால் கத்துவார், பாசம் வந்தால் இன்னும் அதிகமாகக் கத்துவார். உன்னை உப்புக்கண்டம் போட்டுவிடுவேன், தோலை உரித்துத் தொங்கவிட்டுவிடுவேன், கண்டதுண்டமாக வெட்டிவிடுவேன், இதெல்லாம் எங்கள் வீட்டில் காலை வணக்கம் மாதிரி. கையைத்தான் ஒரு நாளும் ஓங்கியதில்லை. ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னால் என்னைக் கூப்பிடுகிற ஆள் அவர். நல்ல வார்த்தை பேசினார் என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். நான் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட தொண்டை கரகரக்க ஆரம்பித்தது. "கத்திப் பொழைக்கிறவனுக்குத் தொண்டை கட்டாம வேற என்ன கட்டும்?" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். கடைசியில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனபோது, உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டர் சில்லறை தராததற்குக்கூடப் பேசவில்லை.

எங்கள் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். அவள் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள், போனும் கையுமாக இருக்கிறவள். ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா பேசுவதைப் பதிவு செய்து ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், அதே குரலை அவர்கள் செய்து போனில் போட்டுக் கொடுப்பார்களாம். அப்புறம் இவர் எழுத்தை அடித்தால் போதும், போன் இவர் குரலிலேயே பேசுமாம். நம்பவே முடியவில்லை. ஆனால் முழுகப்போகிறவனுக்குத் துரும்பு கிடைத்தால் அது எந்தக் கடையில் வாங்கினது என்றா கேட்பான்? போனில் பக்கம் பக்கமாக ஏதோ வந்தது. மகள் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய் "சம்மதம்" என்று இருந்ததை அமுக்கினாள். யார்தான் அதையெல்லாம் படிக்கிறார்கள்?

உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நேராகக் கம்பெனிக்கே போகிற மாதிரி பதிவு செய்தோம். கம்பெனியே வாக்கியங்கள் கொடுத்திருந்தது. "இன்று வானம் தெளிவாக இருக்கிறது." "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி." இவர் அதைப் படித்த அழகைப் பார்க்க வேண்டுமே! ஒப்பிக்கத் தெரியாத பையன் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி. போன் அதை வைத்து ஒரு குரலைச் செய்து காட்டியது. யாரோ கணக்கப்பிள்ளை பேசுகிற மாதிரி இருந்தது. வெண்கலம் இல்லை, தகரம்.

மகள்தான் சொன்னாள். "அப்பா, பேப்பரைத் தூக்கிப் போடுங்க. அம்மாவைத் திட்டுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு இதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா? ஆரம்பிங்க."

நான் முன்னால் உட்கார்ந்தேன். இவர் ஆரம்பித்தார். கல்யாணத்தன்று என் தம்பி செருப்பைத் தொலைத்ததிலிருந்து போன வாரம் நான் சாவியை உள்ளே வைத்துப் பூட்டியது வரைக்கும் ஒன்று விடாமல் திட்டினார். தொண்டை அடைத்தது, தண்ணீர் குடித்துவிட்டுத் திட்டினார். நாங்கள் மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்போது சிரிப்பு நின்று அழுகை ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை நேரில் கேட்பது இதுதான் கடைசி என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் ஓட்டையும் அதன்மேல் துணியுமாகக் கிடந்தவர், முதல்முதலாகப் போனை வாங்கி ஒற்றை விரலால் அடித்தார். போன் பேசியது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச இவ்ளோ நேரமா? பசி உயிர் போகுது."

அவர் குரல். அச்சு அசல் அவர் குரல். நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

அப்புறம் கொஞ்ச காலம் நன்றாகத்தான் போயிற்று. சட்டைப் பையில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்துக்கொண்டு மறுபடி சந்தைக்குப் போனார். பெட்டிமேல் ஏறி நின்று போனை அமுக்க, "ஒரு தரம்!" என்று ஸ்பீக்கர் கத்தியபோது மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் விசிலடித்தார்களாம். எழுத்தடிக்கும் விரலும் வேகம் பிடித்துவிட்டது. என்னைத் திட்டும்போது இரண்டு கட்டைவிரலையும் பயன்படுத்துவார்.

ஒரு நாள் காலையில் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது. "சர்க்கரை மூட்டையை அப்படியே கவுத்துட்டியா? இன்னொரு தடவை இப்படிப் போட்டா உன்னை உப்புக்கண்டம் போட்டுடுவேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கினேன். அப்போது போனில் ஒரு பெட்டி விழுந்தது. இந்த வாக்கியம் ஒருவரை மிரட்டுவதாகத் தெரிகிறது, இதைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்டது. கீழே "ஆம்", "இல்லை" என்று இரண்டு கட்டம்.

இவர் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற வம்சமா? "இல்லை"யை அமுக்கிவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்தார்.

இரண்டாவது தடவை, நான் குடையை மறந்து மழையில் நனைந்து வந்தேன். தோலை உரிப்பேன் என்றார். பெட்டி வந்தது. "இல்லை" என்றார்.

மூன்றாவது தடவை எனக்கு இருமல். வறட்டு இருமல், நாலைந்து நாளாக விடவில்லை. நான் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் ஒவ்வொரு இருமலுக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கை தன் கழுத்துத் துணிமேல் போய் நின்றதை நானும் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இருமினேன். தட்டைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகல, சத்தியமா உன்னைக் கொன்னுடுவேன்டி."

அந்தக் குரல் நடுங்காது. மெஷினுக்கு நடுங்கத் தெரியாது. பெட்டி வந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே "இல்லை"யை அமுக்கினார். மறுநாள் டாக்டர் சாதாரணச் சளி என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். அந்த நல்ல சேதியோடு நான் வீட்டுக்கு வந்தபோது இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எதை அடித்தாலும் யாரோ ஒரு பெண் குரல், "உங்கள் குரல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று கனிவாகச் சொன்னது. மூன்று மாதத்துக்குள் தீர்வு ஏற்படாவிட்டால் குரல் நிரந்தரமாக அழிக்கப்படும் என்று எழுத்தில் வந்திருந்தது. கம்பெனியும் அதன் பங்குக்கு மூன்று தரம் கூறி முடித்துவிட்டது.

நான் முதலில் சொன்ன அந்தச் சேதியும் அன்றைக்கே வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மகளை உட்கார வைத்து, கம்பெனிக்கு நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். மிரட்டப்பட்டதாகச் சொல்கிறீர்களே, அந்த ஆள் நான்தான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் அப்படித்தான் பேசுவார். குரலைத் திருப்பிக் கொடுங்கள்.

பதில் உடனே வந்தது. மனுஷன் எழுதினதா மெஷின் எழுதினதா தெரியாது. "உங்கள் மனநிலை புரிகிறது. மிரட்டலுக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் மிரட்டியவரைக் காப்பாற்றவே முயல்வார்கள் என்பதை நாங்கள் அறிவோம்."

"அம்மா, கத்தாதீங்க" என்றாள் மகள். "நீங்க எப்படி எழுதினாலும் அவங்களுக்கு அது ஒத்துப்போகுது. கோபமா எழுதினா பயத்துல எழுதுறீங்கம்பாங்க. அமைதியா எழுதினா அப்பா பக்கத்துல நின்னு எழுத வைக்கிறாருன்னு சொல்வாங்க."

அந்தப் பதிலுக்குக் கீழே உப்புக்கண்டத்தைப் பற்றி அவர்கள் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. "மனித உடலை வெட்டி, உப்பிட்டுப் பதப்படுத்துவது குறித்த விரிவான மிரட்டல்." அழுவதா சிரிப்பதா? அதற்குக் கீழே இன்னொரு வரி. மிரட்டல் நகைச்சுவையாகச் சொல்லப்பட்டிருக்கலாம் என்பதால் திரும்பப் பெறும் வாய்ப்பு மூன்று முறை வழங்கப்பட்டது. பயனர் மூன்று முறையும் உறுதியாக மறுத்துவிட்டார். அது பொய் இல்லையே.

சரி, இவர்கள் உறவே வேண்டாம், பதிவு செய்ததையாவது கொடுங்கள், வேறு கம்பெனியிடம் போய்க்கொள்கிறோம் என்று மகள் கேட்டுப் பார்த்தாள். அந்தப் பதிவுகள் முழுக்க ஒரு பெண்ணை நோக்கிய வசைகளாக இருப்பதால் அவையும் பரிசீலனையில் உள்ளன என்றார்கள். உள்ளறையில் போர்வையைத் தொங்கவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பும் அதற்குள்தானே இருக்கிறது, அது அவர்கள் காதில் விழவில்லையா? வீட்டில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பரணிலிருந்து அலமாரி வரைக்கும் தேடினோம். மகளின் கல்யாண வீடியோவில் எங்கோ மூலையில், "முதல் பந்தி உக்காருங்கப்பா" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஓயாமல் கத்தின மனுஷனின் குரலில் எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் மட்டுமே மிச்சம் இருந்தது.

அவர் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பேரன் விளையாட வைத்திருந்த சிலேட்டை எடுத்துக்கொண்டார். எண்கள் அழகாக எழுதுவார். எழுத்து கோணல்மாணலாக வரும். "தண்ணி" என்று எழுதிக் காட்டுவார். திட்டி எழுத சிலேட்டில் இடம் போதவில்லை. ஒருநாள் நான் வேறு அறையில் இருந்தபோது, என்னைக் கூப்பிட வழியில்லாமல் டம்ளரைத் தரையில் தட்டினார். நான் ஓடி வந்தேன். தட்டின கையோடு அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அவர் தட்டவில்லை. நான் வருகிற வரைக்கும் காத்திருந்தார்.

பேச்சுரிமை, பேச்சுரிமை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களே, அதை இப்போது கேட்காமல் எப்போது கேட்பது என்று எனக்குத் தோன்றியது. மகளோடு வேலை பார்க்கிறவள் ஒரு வக்கீலைச் சொன்னாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. சின்ன வயசுப் பெண்தான். எங்களை உட்கார வைத்துவிட்டு, மகளின் போனில் அந்த "சம்மதம்" பக்கங்களை ஒன்றுவிடாமல் படித்தாள். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓட ஓட மேஜை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. உலகத்திலேயே அதை முழுசாகப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

"அம்மா, ஐயா, உள்ளதைச் சொல்லிடுறேன்" என்றாள். "பேச்சுரிமைன்னு அரசியல் சட்டம் குடுக்குது, வாஸ்தவம். ஆனா அது அரசாங்கத்தோட கையைத்தான் கட்டுது. நாளைக்கு ஒரு அதிகாரி வந்து ஐயா பேசக் கூடாதுன்னா, நான் கோர்ட்டுல போய் நின்னு ஒரு கை பாத்துடுவேன். இது தனியார் கம்பெனி. அந்தக் குரல் ஓடுற இடம் அவங்க சொத்து. அவங்க வீட்டுல அவங்க வச்சதுதான் சட்டம்."

"அவர் குரல் எப்படிம்மா அவங்க சொத்தாகும்?" என்று கேட்டேன்.

"நீங்க பதிவு பண்ணிக் குடுத்தது உங்களுது. அதை வச்சு அவங்க செஞ்ச குரல் அவங்களுது. நூல் உங்களுது, நெசவு அவங்களுதுன்னு வச்சுக்கோங்க. ஐயாவுக்கு அதை உடுத்திக்க அனுமதி குடுத்திருக்காங்க. அனுமதியை எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு இதோ, இந்தப் பக்கத்துல இருக்கு."

"கேஸ் போட முடியாதா?"

"போடலாம். நுகர்வோர் கோர்ட்டுல போடலாம். ஆனா அது நடந்து முடிய வருஷக்கணக்காகும். இவங்க மூணு மாசத்துல அழிச்சுடுவாங்க. தடை வாங்கப் பாக்கலாம், கிடைக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்." போனை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "அந்த விதியும் கெட்ட விதி இல்லம்மா. என்கிட்ட வர்ற பொண்ணுங்கள்ல பாதிப் பேரோட புருஷன், சொன்ன மிரட்டலைச் செய்யிறவன். அவங்களுக்கு இப்படி ஒரு விதி வேணும்."

எங்கள் கீழ் வீட்டுக்காரி எனக்கு ஞாபகம் வந்தாள். அவள் புருஷன் சத்தமே போட மாட்டான். அவள்தான் கதவில் இடித்துக்கொண்டேன் என்று அடிக்கடி சொல்லுவாள்.

வக்கீல் இவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க ஏலக் களத்துல ஒருத்தன் வந்து மத்தவங்களை மிரட்டுற மாதிரி கத்தினா என்ன பண்ணுவீங்க?"

இவர் சிலேட்டில் எழுதினார். "வெளியே போகச் சொல்வேன்."

"அதைத்தான்யா அவங்களும் பண்ணியிருக்காங்க."

இவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டுவிட்டார் என்றே நான் நினைத்தேன். நியாயம் பேசினால் எதிராளி சொன்னாலும் ஒத்துக்கொள்கிற ஆள்தான். சட்டைக் கையால் சிலேட்டைத் துடைத்தார். மறுபடி எழுத நேரமாயிற்று; எழுத்துக்கூட்டி, ஓரம் வரைக்கும் எழுதி, கடைசி வார்த்தையைக் கீழே மடக்கி எழுதினார்.

"போகச் சொல்வேன். அவன் நாக்கை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டேன்."

அந்தப் பெண் சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு தடவை படித்திருப்பாள்.

"இதுக்கு இன்னும் சட்டம் வரலய்யா" என்றாள்.

ஃபீஸ் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். அவள் வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும். படியிறங்கும்போது வந்து, ஒரு யோசனை மட்டும் சொன்னாள். சண்டை போடாதீர்கள், அவர்கள் என்ன நிபந்தனை வைத்தாலும் ஏற்றுக்கொண்டு குரலை வாங்கிவிடுங்கள். சட்டம் படித்த பிள்ளை வாயால், காலில் விழுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

மகள் எழுதினாள். கெஞ்சியே எழுதினாள். கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. பயனருக்கு ஒரு மறுவாய்ப்பு வழங்கப்படுகிறது. முன்பு சொன்ன மூன்று வாக்கியங்களையும் அவரே தனித்தனியாகத் திரும்பப் பெற வேண்டும். மரியாதையான பேச்சு குறித்த பாடத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். இனி ஒரு தடவை நடந்தால் எச்சரிக்கை இல்லை, குரல் அன்றே அழிக்கப்படும்.

பாடத்தை அவர் பார்த்தார். நாற்பது வருஷம் சந்தையைக் கட்டி ஆண்டவர், சுவரில் சாய்ந்துகொண்டு, பொம்மைகள் ஒன்றுக்கொன்று "தயவுசெய்து", "நன்றி" என்று சொல்வதைக் கண்கொட்டாமல் பார்த்தார். என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தேன்.

அப்புறம் மகள் கூப்பிட்டாள். போனில் முதல் வாக்கியம் வந்திருந்தது. உப்புக்கண்டம். கீழே, "இதைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு கட்டம். இவர் விரலை நீட்டினார், மடக்கினார். வெங்காயத்தைக் கைக்காசு போட்டுக் கட்டின மனுஷன். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அமுக்குங்க. வெறும் வார்த்தைதானே" என்றேன். வெறும் வார்த்தை என்று அவரிடம் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்ததோ!

அமுக்கினார். இரண்டாவது வந்தது. அதையும் அமுக்கினார். மூன்றாவதாக, டாக்டரிடம் போகாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று சொன்னது வந்தது. விரல் கண்ணாடிக்கு மேலேயே நின்றது. போனைக் கீழே வைத்துவிட்டுச் சிலேட்டை இழுத்து எழுதினார்.

"இது மட்டும் நிஜமாகச் சொன்னது."

"தெரியும்ங்க" என்றேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். நான்தான் அவர் விரலைப் பிடித்துக் கொண்டுபோய்க் கட்டத்தின்மேல் வைத்தேன். அமுக்கினது அவர்தான்.

அன்று சாயங்காலமே குரல் வந்துவிட்டது. மகள் கைதட்டினாள். நானும் தட்டினேன். "எல்லாருக்கும் நன்றி" என்றார் அவர் குரலில்.

மறுநாள் சந்தைக்குப் போனார். கூடப் போய் வந்த மூட்டைக்காரத் தம்பி எனக்குச் சொன்னான். "அண்ணி, அண்ணன் ஏலம் நல்லாத்தான் கூறினாரு. ஆனா யாரையும் ஒரு கிண்டல் பண்ணல. விலை குறைச்சுக் கேட்டவனைக்கூட, 'இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேளுங்க'ன்னு சொல்றாரு. ஆளுங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் கொடு என்பார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனைப் பையில் வைத்துக்கொள்வார். இந்த வீட்டில் யாரோ விருந்தாளி வந்து தங்கியிருக்கிறார், அவருக்கு என் புருஷன் குரல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இரண்டு தடவை நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

நேற்றுக் காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. தேநீரில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பை அள்ளிப் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். ஒரு கரண்டி இல்லை, இரண்டு. கலக்கிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, கதவோரமாக நின்றேன். வாங்கிக் கட்டிக்கொள்ள இப்படி ஆசையாக நிற்கிற பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பழைய கண் எனக்குத் தெரிந்தது. புருவம் ஏறியது. போனை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் விறுவிறுவென்று அடித்தார். வருது, வருது என்று என் மனசு அடித்துக்கொண்டது. பேச வைக்கிற இடத்துக்குப் போன விரல் நின்றுவிட்டது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். மறுபடி கொஞ்சம் அடித்தார். போன் பேசியது.

"பரவாயில்லை."

கம்பெனிக்காரன்தான் மாற்றிப் பேசுகிறான் என்று எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். யாரும் மாற்றவில்லை. அவர் அடித்திருந்ததே அதுதான்.

போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் டம்ளரை எடுத்து, அந்த உப்புத் தேநீரை முழுவதும் குடித்தார்.